நார் என்றால் வெறும் நார்தானா?

“பூவோடு சேர்ந்து நாரும் மணக்கும்” என்ற பழமொழியில் வரும் நாரை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பூத்தொடுக்கிற நார், அவ்வளவுதான். அதே சொல் திருக்குறளில் வந்து நிற்கும்போதுதான் கொஞ்சம் திணறுகிறோம்.

நாணாமை நாடாமை நாரின்மை யாதொன்றும்
பேணாமை பேதை தொழில்

‘பேதைமை’ அதிகாரத்தில் வரும் 833-ஆவது குறள் இது. முட்டாள் எப்படி இருப்பான் என்று வள்ளுவர் அடுக்கிக்கொண்டு போகிறார். வெட்கப்பட வேண்டியதற்கு வெட்கப்படமாட்டான். தேடி அறிய வேண்டியதைத் தேடமாட்டான். பேணிக் காக்க வேண்டிய எதையும் பேணமாட்டான். சரி, நடுவில் இருக்கிற ‘நாரின்மை’? நார் இல்லாமல் இருப்பது எப்படி முட்டாள்தனம் ஆகும்? முதல் தடவை படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது பீன்ஸ்தான். பீன்ஸில் நார் இல்லாவிட்டால் நல்லதுதானே!

இங்கே நார் என்றால் அன்பு. நாரின்மை என்றால் யார் மீதும் ஈரம் இல்லாமல் இருப்பது. கட்டுகிற பொருளுக்கு இருந்த பெயர், மனிதரோடு மனிதரைக் கட்டுகிற உணர்வுக்கும் பெயராகிவிட்டது. கையால் தொடக்கூடிய நார் அந்தச் சொல்லின் நேர்ப்பொருள். தொட முடியாத அன்பு அதன் உருவகப் பொருள். ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருள் எப்படி முளைக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, தமிழில் கட்டுகிற பொருள்களைக் குறிக்கும் சொற்களைவிட நல்ல இடம் இல்லை என்பது என் எண்ணம். நார், நூல், கயிறு, பாசம், தளை என்று எதை எடுத்தாலும் இந்த இரட்டை வாழ்க்கை இருக்கிறது.

முதலில் நாரைக் கையில் எடுத்துப் பார்த்துவிடலாம். காய்ந்த வாழைநார் சும்மா கிடக்கும்போது காகிதம் மாதிரி சரசரக்கும். அப்படியே வைத்துப் பூக்கட்டினால் படக்கென்று முறிந்துவிடும். அதனால் தண்ணீரில் நனைத்து எடுப்பார்கள். நனைந்ததும் துவண்டு, சொன்னபடி கேட்கும். நகத்தால் கீறி மெல்லிய இழையாகக் கிழித்துக்கொண்டு, இந்தப் பக்கம் இரண்டு மல்லிகை, அந்தப் பக்கம் இரண்டு என்று காம்புகள் நடுவில் சேரும்படி வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி வளையத்துக்குள் நுழைத்து இழுக்க வேண்டும். இழுக்கிற அந்தக் கணம்தான் முக்கியம். அழுத்தி இழுத்தால் காம்பு அறுந்து பூ தலை கவிழும். தளர விட்டால் நாலு அடி நடப்பதற்குள் பூ உதிரும். நூலில் கட்டினால் காம்பு அறுபடுவது அதிகம். நார் தட்டையாக, ஈரத்தோடு இருப்பதால் காம்பை வெட்டாமல் பிடித்துக்கொள்ளும்.

இப்போது மறுபடியும் குறளுக்குப் போங்கள். ஈரம் இருந்தால் வளைகிறது, காய்ந்தால் முறிகிறது, வெட்டாமல் பிடித்துக்கொள்கிறது. இவ்வளவும் அன்புக்கும் பொருந்துகிறதா இல்லையா? உருவகப் பொருள் வானத்திலிருந்து குதிப்பதில்லை. அந்தப் பொருள் நம் கையில் என்ன வேலை செய்கிறதோ, அந்த வேலையிலிருந்துதான் முளைக்கிறது. அன்பில்லாதவனை இன்றைக்கும் “ஈரமில்லாதவன்” என்றுதானே சொல்கிறோம்.

நம் இலக்கணக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ஆகுபெயர். ‘ஒன்றன் பெயரான் அதற்கியை பிறிதை’ உரைப்பது ஆகுபெயர் என்கிறது நன்னூல். ஒன்றின் பெயரை, அதனோடு இயைந்த வேறொன்றுக்கு ஆக்கிச் சொல்வது. “ஊர் சிரித்தது” என்றால் சிரித்தது தெருவும் வீடும் அல்ல, ஆட்கள். ஒப்புமையால் இப்படி மாறினால் அதற்கு உவமையாகுபெயர் என்று பெயர். “பாவை வந்தாள்” என்றால் வந்தது பொம்மை அல்ல, பொம்மை போன்ற பெண். கட்டுகிற நாரைப் போன்றது அன்பு என்பதால் அன்பையே நார் என்று சொல்வதையும் இந்தக் கணக்கில் சேர்த்துப் பார்க்கலாம். இலக்கணம் இந்தக் கட்டுரைக்கு இவ்வளவு போதும்.

குறுந்தொகையின் 118-ஆவது பாட்டுக்கு வருவோம். நன்னாகையார் பாடியது.

புள்ளும் மாவும் புலம்பொடு வதிய
நள்ளென வந்த நாரில் மாலைப்
பலர்புகு வாயில் அடைப்பக் கடவுநர்
வருவீர் உளீரோ எனவும்
வாரார் தோழிநம் காத லோரே

பொழுது சாய்கிறது. பறவையும் விலங்கும் தனிமையோடு அடங்கிக் கிடக்கின்றன. பலரும் வந்து போகிற பெரிய வாசலை அடைக்கப் போகிறார்கள். அடைப்பதற்கு முன்னால், “உள்ளே வர வேண்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?” என்று கேட்கிறார்கள். அப்போதும் அவன் வரவில்லை, தோழி என்கிறாள் தலைவி. அந்த மாலைப்பொழுதை அவள் ‘நார் இல் மாலை’ என்கிறாள். அன்பில்லாத மாலை.

ஆனால் மாலை என்றால் பூமாலையும்தானே? நார் இல்லாத மாலை என்றால் என்ன? கோக்காத, உதிரிப் பூக்கள். பொழுது, அன்பு என்று ஒரு தடவையும், பூமாலை, நார் என்று இன்னொரு தடவையும் அந்த இரண்டு சொற்களைப் படிக்கலாம். இது தற்செயலாக விழுந்த சேர்க்கையாக எனக்குப் படவில்லை. பறவை ஒரு பக்கம், விலங்கு ஒரு பக்கம், காதலன் எங்கோ, அவள் இங்கே என்று எல்லாமே கட்டு விட்ட உதிரியாகத்தான் அந்தப் பாட்டில் கிடக்கிறது. நேர்ப்பொருள் தெரியாமல் ‘நார் - அன்பு’ என்று அகராதியிலிருந்து மட்டும் குறித்துக்கொண்டு போகிறவருக்கு இந்த இரண்டாவது மாலை கண்ணில் படாது.

சரி, ஒரு வாக்கியத்தில் சொல் நேர்ப்பொருளில் நிற்கிறதா, உருவகப் பொருளில் நிற்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எளிய வழி ஒன்று உண்டு. அதே பொருளுக்கு இருக்கும் இன்னொரு பெயரை அங்கே போட்டுப் பாருங்கள். “கிணற்று வாளியில் நூல் கட்டாதே, கயிறு கட்டு” என்பதில் கயிற்றுக்குப் பதிலாக வடம் என்று போட்டாலும் வாக்கியம் நிற்கும். “பையனுக்கு அம்மா மேல் பாசம் அதிகம்” என்பதில் பாசத்தை எடுத்துவிட்டுக் கயிறு என்று போட்டால் சிரிப்பு வந்துவிடும். சிரிப்பு வந்தால் அது உருவகம்.

பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல்லைக் கவனிப்பது இன்னும் சுவாரசியம். உருவகம் தொடங்கிய இடம் மறந்துபோன பிறகும் வினைகள் கயிற்றுக் கடையை விட்டு வெளியே வருவதில்லை. உறவு அறுகிறது. பிடி தளர்கிறது. நட்பு இறுகுகிறது. மர்மத்தின் முடிச்சு அவிழ்கிறது. பேச்சுவார்த்தை இழுபறியாகிறது. நூலிழையில் உயிர் தப்புகிறது. பொய் சொல்கிறவன் கயிறு திரிக்கிறான். நடந்ததை வேறு மாதிரி ஆக்கிச் சொன்னால் திரித்துச் சொல்கிறான். படு கெட்டிக்காரன் மணலையே கயிறாகத் திரித்துவிடுகிறான். ‘சிக்கல்’ என்று தினம் பத்துத் தடவை சொல்கிறோமே, அதுவே நூலும் மயிரும் பின்னிக்கொண்டு பிரிக்க முடியாமல் கிடக்கிற நிலைதான். சிக்கலை ‘அவிழ்க்கிறோம்’, ‘எடுக்கிறோம்’ என்று சொல்லும்போது கை இன்னும் அந்த நூலில்தான் இருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ‘முறுக்கிக்கொள்வது’. கயிறு திரிக்கிறவர்கள் நாரை ஒரு திசையில் முறுக்கிப் புரியாக்குவார்கள். அப்புறம் இரண்டு மூன்று புரிகளைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்குவார்கள். ஒவ்வொரு புரியும் தன் முறுக்கு அவிழ்வதற்காகத் திமிறும். அந்தத் திமிறலே மற்ற புரியை இறுக்கிப் பிடிக்கும். கயிறு பிரியாமல் நிற்பது இதனால்தான். முறுக்கு அளவாக இருக்கிற வரை நல்லது. கூடிப்போனால் கயிறு நேராகக் கிடக்காது. விறைத்துக்கொண்டு தன்மேலேயே சுருண்டு மடங்கும். கல்யாண வீட்டில் யாரோ சரியாகக் கவனிக்கவில்லை என்று “முறுக்கிக்கொண்டு போன” சித்தப்பாவை இப்போது நினைத்துப் பாருங்கள்.

இனி பாசத்துக்கு வருவோம். நாருக்கு நடந்தது அப்படியே தலைகீழாக நடந்தது இங்கேதான். வடமொழியிலிருந்து வந்த இந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் கயிறு, சுருக்கு. எமன் கையில் இருப்பது பாசம். மார்க்கண்டேயன் மேல் அவன் வீசியது பாசம். இன்றைக்கு யாரும் கடையில் போய் “அஞ்சு முழம் பாசம் கொடுங்க” என்று கேட்பதில்லை. கயிறு என்ற பொருள் பேச்சிலிருந்து மறைந்து, அன்பு மட்டும் தங்கிவிட்டது. நாரில் அன்பு மறைந்து இழை மட்டும் தங்கியது. ஒரு சொல்லில் பொருள் பிழைத்தது, இன்னொரு சொல்லில் உணர்வு பிழைத்தது.

பாசத்தின் பழைய பொருள் எவ்வளவு ஆழத்துக்குப் போய்விட்டது என்பதற்கு ‘பாசக்கயிறு’ என்ற சொல்லே சாட்சி. பாசம் என்றாலே கயிறுதான், அதற்குப் பின்னால் இன்னொரு கயிறு எதற்கு? பாசம் என்றால் கயிறு என்று கேட்பவருக்குத் தெரியாமல் போனதால்தான். ‘நடு சென்டர்’, ‘கேட்டுக் கதவு’ எல்லாம் இந்த வகையறாவே.

இன்னொரு வேடிக்கை, பாசம் நல்லதா கெட்டதா என்பது. வீட்டில் கேட்டால் நல்லது. பாசமில்லாத பிள்ளை என்றால் திட்டு. சைவ சித்தாந்தத்தில் கேட்டால் கதையே வேறு. அங்கே பதி, பசு, பாசம் என்று மூன்று உண்டு. பதி இறைவன். பசு உயிர். பாசம் உயிரைக் கட்டி வைத்திருக்கும் தளை. ஆணவம், கன்மம், மாயை என்று அதை மூன்றாகச் சொல்வார்கள். கயிற்றால் கட்டப்பட்டிருப்பதால்தான் உயிருக்குப் பசு என்று பெயர். ‘பாசமாம் பற்றறுத்துப் பாரிக்கும் ஆரியனே’ என்று சிவபுராணத்தில் மாணிக்கவாசகர் பாடும்போது, அம்மா மேல் உள்ள பாசத்தை அறுத்ததற்கு நன்றி சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டால் குழப்பம்தான் மிஞ்சும். அவர் சொல்வது உயிரைக் கட்டியிருக்கும் கயிற்றை. அடுத்த அடியே ‘நேச அருள்புரிந்து’ என்று வருகிறது. அறுபட வேண்டியது பாசம், கிடைக்க வேண்டியது நேசம்.

இரண்டும் ஒரே கயிறுதான். கட்டுவது அதன் வேலை. விழாமல் பிடித்துக்கொள்கிறது என்று பார்த்தால் அன்பு, நகர விடாமல் பிடித்துக்கொள்கிறது என்று பார்த்தால் தளை. கட்டுகிற பொருளிலிருந்து பிறந்த உருவகங்களில் பலவும் இப்படி இரண்டு பக்கமும் சாயக்கூடியவை. கட்டுக்கோப்பு நல்ல சொல், கட்டுண்டு கிடப்பது கெட்டது. பந்தம் என்பது கல்யாணப் பேச்சில் இனிக்கிறது, துறவி வாயில் கசக்கிறது. அதனால் இந்தச் சொற்களைச் சந்திக்கும்போது பொருளை மட்டும் பார்த்தால் போதாது, சொல்கிற ஆள் யார் என்றும் பார்க்க வேண்டும்.

மாணிக்கவாசகரை விட்டு நகர்வதற்கு முன்னால் இன்னும் ஒன்று. போற்றித் திருவகவலில் ‘கல்நார் உரித்த கனியே போற்றி’ என்று வருகிறது. கல்லில் நார் உரிப்பது என்றால் நடக்காத காரியம். கல்லாக இருந்த தன் மனத்தை நாராக உரித்துக் குழைத்துவிட்டான் இறைவன் என்பது கருத்து. இன்றும் கஞ்சனிடம் காசு வாங்குவதை “கல்லில் நார் உரிக்கிற வேலை” என்கிறோம். ஆனால் உண்மையிலேயே நார் உரிக்கக்கூடிய கல் ஒன்று பூமியில் இருக்கிறது. அஸ்பெஸ்டாஸ். தமிழில் அதன் பெயர் கல்நார். பாறையிலிருந்து வெட்டி எடுக்கப்படும் கனிமம், பிரித்தால் இழை இழையாக வரும், நெருப்புக்கு அசையாது. அதனால் கூரைத் தகட்டிலிருந்து தீயணைப்பு உடை வரை போனது. இழைத்தூள் மூச்சோடு நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரும் என்று தெரிந்த பிறகு பல நாடுகள் தடை செய்தன. உருவகமாக மட்டுமே இருக்க முடியும் என்று நாம் நினைத்த சொற்சேர்க்கை, ஒரு பொருளின் நேரடிப் பெயராகி நிற்கிறது. சொற்கள் இந்தப் பக்கம் மட்டும்தான் ஓடும் என்று யாரும் சட்டம் போட முடியாது.

தமிழ்ச் செய்யுள் இலக்கணமே ஒரு பூக்கடை மாதிரி இருக்கும். யாத்தல் என்றால் கட்டுதல். கவிதை கட்டும் முறை யாப்பு. சீரும் சீரும் சேர்கிற இடம் தளை. எதுகை, மோனை எல்லாம் தொடை, அதாவது தொடுத்தது. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் ‘கட்டுரை’யும் கட்டிய உரைதான். ‘நூல்’ என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நூலுக்கும் புத்தகத்துக்கும் ஒரே பெயர் ஏன் என்று நன்னூல் உவமை வைத்தே விளக்குகிறது. சொல்தான் பஞ்சு, அதிலிருந்து பனுவல் இழையாக வருகிறது. புலவன்தான் நூற்கிறவள், அவன் வாய்தான் அவள் கை, அவன் அறிவுதான் நூல் நூற்கும் கதிர், அதாவது தக்களி. அடுத்த வெண்பாவில் தச்சரின் நூல் வருகிறது. மரத்தில் எங்கே கோணல் இருக்கிறது என்று பார்க்க, சாயம் தோய்த்த நூலை இரண்டு முனையில் இழுத்துப் பிடித்துச் சுண்டுவார்கள். மரத்தில் நேர்க்கோடு விழும், கோட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைச் செதுக்கிவிடலாம். மரத்தின் கோணலை எப்படி நூல் தீர்க்கிறதோ, அப்படியே மனத்தின் கோணலை நூல் தீர்க்கும் என்கிறது அந்தப் பாட்டு. நூற்கிற பெண்ணின் நூலும் தச்சரின் நூலும் நேர்ப்பொருளில் ஒன்றுதான். ஆனால் ஒன்று புத்தகம் எப்படி உருவாகிறது என்று சொல்கிறது, மற்றது புத்தகம் என்ன செய்யும் என்று சொல்கிறது. பொருள் ஒன்று, வேலை வேறு, அதனால் உருவகமும் வேறு.

இதெல்லாம் தெரிந்த பிறகு ஒரு ஆபத்து வரும். கண்ணில் பட்ட சொல்லையெல்லாம் ஒன்றோடு ஒன்று கட்டத் தோன்றும். “பாசி வழுக்குப் பாறையில் ஒட்டிக்கொள்கிறது, அதுபோல ஒட்டிக்கொள்வதால் பாசம்” என்று ஒருவர் என்னிடம் மிக அழகாக விளக்கினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பாசி என்பது பச்சை நிறத்தால் வந்த பெயர், பசுமையின் சொந்தக்காரி. பாசத்துக்கும் அதற்கும் உறவில்லை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பார்களே, அது இதுதான்.

அதைவிடச் சின்ன ஆபத்து, ஒரு சொல்லுக்கு உருவகப் பொருள் தெரிந்துவிட்டது என்பதற்காக எங்கே பார்த்தாலும் அதையே பொருத்துவது. புறநானூற்றில் ‘நாரரி தேறல்’ என்று வரும். நார் என்றால் அன்பு என்று புதிதாகக் கற்றவர், “அன்பால் வடித்த கள்” என்று உருகிவிடக்கூடும். அங்கே நார் வெறும் நார்தான். கள்ளில் கிடக்கும் பூச்சியும் தூசும் போக, நாரால் வடிகட்டினார்கள்.

வடிகட்டும் வேலைக்கு நாம் அறிந்த பொருள் பன்னாடை. பனை, தென்னை மட்டைகளின் அடியில் வலை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் நார்தான் அது. நெய் வடிக்கவும் உதவும் என்பதால் நெய்யரி என்றும் பெயர். நல்ல நெய்யையெல்லாம் கீழே விட்டுவிட்டுக் கசடை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்ளும். மாணவர்களைத் தரம் பிரிக்கும்போது நன்னூல் கடைசித் தரத்துக்குச் சொல்லும் உவமைகளில் ஒன்று இந்த நெய்யரி. வகுப்பில் நல்லதையெல்லாம் ஒழுகவிட்டு வேண்டாததை மட்டும் பிடித்து வைத்துக்கொள்கிறவன். தெருவில் யாராவது யாரையாவது “போடா பன்னாடை” என்று திட்டினால், அந்த வசவு ஒரு நார்வலையின் வேலையைத்தான் இன்னும் கச்சிதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.